கறைபடிந்த பற்களும் காரணம் கண்ட வரலாறும்

நோயொன்றன் காரணத்தை ஆய்வுகூடம் அறியுமுன் ஊரார் உணர்ந்துகொள்வதுண்டு. பற்களிற் காணப்படும் புளோரைட்டுக் கறையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1901 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகருக்கு வந்த பல் வைத்தியர் பிரெடறிக் மக்கே, அங்குப் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்கள் கபிலநிறக் கறை கொண்டிருத்தலைக் கண்டார். 1909 இல் அறிஞர் ஜீ. வீ. பிளாக் அவருடன் இணைந்தார். மிளிரி உருவாகும் இளம்பருவத்திலேயே இக்குறை நேர்கிறதென்பதும், வளர்ந்தபின் குடியேறியோரை அது தீண்டுவதில்லை என்பதும் புலனாயின. கறைபட்ட பற்கள் சூத்தையை எதிர்த்து நின்றமை வியப்பளித்தது.

1923 இல் மக்கே ஐடகோவின் ஓக்லிக்குச் சென்றார். வெந்நீரூற்றொன்றிலிருந்து குழாய்வழி நீர் வந்தபின்னரே பிள்ளைகளின் பற்கள் கெட்டன என்றனர் பெற்றோர். நீரைச் சோதித்தும் காரணம் கிட்டவில்லை. ஆயினும் அவரது ஆலோசனைப்படி அக்குழாய் கைவிடப்பட்டது. சில ஆண்டுகளில் இளஞ்சிறார்க்கு மாசற்ற பற்கள் முளைத்தன.

மறைந்திருந்த காரணத்தை 1931 இல் வெளிப்படுத்தியவர் அலுமினியக் கம்பனியொன்றின் இரசாயனவியலாளர் எச். வீ. சேர்ச்சில் ஆவார். ஆர்க்கன்சாவின் போக்சைற்று என்னும் ஊரில், கம்பனியின் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அருந்திய நீரில் மிகுதியான புளோரைட்டு இருத்தலை அவர் கண்டறிந்தார். பத்து இலட்சத்திற்கு ஒரு பங்கு வரையான புளோரைட்டு பெரும்பாலோரிற் கறை விளைப்பதில்லை என்பதைப் பின்னர் ட்றெண்ட்லி டீனின் ஆய்வுகள் காட்டின.

இலங்கையின் அநுராதபுரம் முதலிய உலர்வலயப் பகுதிகளிலும் புளோரைட்டு மிகுந்த கிணறுகள் உள. அங்குக் கறைபட்ட பல்லுடைய பிள்ளையைச் சுத்தமற்றதென இகழ்தல் அநீதியாகும். பல்லைத் துலக்குவதால் அக்கறை நீங்காது. கிணற்று நீரைச் சோதித்து மாற்றுநீர் வழங்குதலே வரும் தலைமுறையைக் காக்கும்.