கறுவாவும் நம் கடற்கரையும்



வலீமா விருந்தானாலும், ரமளானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியானாலும், பட்டையும் கிராம்பும் ஏலமும் சேராமல் நம் சமையல் நிறைவு பெறுவதில்லை. அவற்றுள் பட்டை என்பது ஒரு மரத்தின் தோல். அந்தத் தோலுக்காகப் போர்கள் நடந்தன. நம் முன்னோரின் வாணிபம் முறிந்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

நாம் பட்டை என்றும் இலவங்கப்பட்டை என்றும் சொல்வதை இலங்கைத் தமிழர் கறுவா என்பர். அரபியில் அதற்குக் கிர்ஃபா என்று பெயர். என்றும் பசுமை மாறாத இம்மரத்தின் தாயகம் இலங்கையும் அதனை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் ஆகும். ஐரோப்பியர் நெடுங்காலம் இது எங்கு விளைகிறது என்றே அறியாதிருந்தனர். பெரும் பறவைகள் இதன் குச்சிகளைக் கொண்டு கூடு கட்டுகின்றன என்ற கதையைக் கிரேக்க அறிஞர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். சரக்கு அரபு வணிகர் வழியாகச் சென்றதே தவிர, அதன் பிறப்பிடம் அவர்களுக்குத் தெரியவில்லை.

அக்காலத்து அரபு நூலாசிரியர்கள் நம் கிழக்குக் கடற்கரையை மஃபர் என்று குறித்தனர். 1344ஆம் ஆண்டில் மாலத்தீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா இலங்கையின் புத்தளத்தில் கரையிறங்கினார். ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் கடற்கரையில் குன்றுகள் போலக் குவிந்து கிடந்ததை அவர் தம் பயண நூலில் எழுதியுள்ளார். மஃபர், மலபார் கரையினர் அவற்றை விலையின்றி எடுத்துச் செல்வர் என்றும், அதற்கு ஈடாக அந்நாட்டு மன்னருக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகத் தருவர் என்றும் அவர் குறிக்கிறார். கறுவா அங்கிருந்து வந்தது. நெசவுத் துணி இங்கிருந்து சென்றது. இரு கரைகளுக்கும் இடையே கோட்டையும் இல்லை, பீரங்கியும் இல்லை.

1505இல் போர்த்துக்கீசியர் இலங்கையை அடைந்தபோது இந்நிலை மாறத் தொடங்கியது. கோட்டை மன்னரிடம் அவர்கள் கறுவாவைத் திறையாகப் பெற்றனர். அதுவரை அவ்வாணிபத்தை நடத்தி வந்த முஸ்லிம்களைப் போட்டியாளராகக் கருதி ஒடுக்கினர். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வாறு வெளியேற்றப்பட்டோருக்குக் கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் தந்து, பலரைக் கிழக்கிலங்கையில் குடியமர்த்தினார். அங்கு இன்று வாழும் முஸ்லிம் ஊர்களின் வரலாற்றில் இது மறக்க இயலாத நிகழ்ச்சி.

அடுத்து வந்த டச்சுக்காரர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றினர். கறுவா முழுவதும் தங்கள் கும்பினிக்கே உரியது என்று அறிவித்து, அனுமதியின்றி உரித்தோருக்கும் விற்றோருக்கும் மரண தண்டனை வரை விதித்தனர். காட்டிலிருந்த மரத்தை முதன்முதலில் பெருந்தோட்டமாகப் பயிரிட்டவர்களும் அவர்களே. 1760களின் பிற்பகுதியில் ஆளுநர் ஃபால்க் காலத்தில் கொழும்பு மருதானையில் தோட்டம் எழுந்தது. கொழும்பில் இன்றும் வழங்கும் கறுவாத்தோட்டம் என்னும் பெயர் அந்நாளின் எச்சமாகும். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1833இல் ஏகபோகம் நீங்கியது.

கறுவாவைப் பயிர் செய்யும் முறையும் அறியத்தக்கது. கன்று நட்ட இரண்டு, மூன்று ஆண்டுகளில் மரத்தைத் தரையை ஒட்டி வெட்டுவர். அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் நேராகக் கிளைக்கும். மழைக்குப் பின் பட்டை எளிதில் கழலும் பருவத்தில் அவற்றை அறுத்து, மேல்தோலைச் சுரண்டி நீக்கி, பித்தளைக் கோலால் தேய்த்து, உள்பட்டையைக் கீறி உரிப்பர். மெல்லிய பட்டைகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்தினால் சுருள் உருவாகும். அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும். வெட்ட வெட்டப் பலன் தரும். தமிழ்நாட்டில் நீலகிரியின் பர்லியாறு பண்ணையில் இம்மரங்கள் உள்ளன. ஏற்காடு ஆராய்ச்சி நிலையமும் ஒரு ரகத்தை வெளியிட்டுள்ளது. நம் மாவட்டத்தின் வறண்ட நிலத்துக்கு இது எளிய பயிரன்று. இதற்கு நல்ல மழையும் ஈரக்காற்றும் வேண்டும். ஆயினும் வடகாடு பகுதியில் தென்னைக்கும் மரங்களுக்கும் ஊடே மிளகு விளைவதை நாம் காண்கிறோம். நிழலும் நீரும் உள்ள கொல்லையில் ஓரிரு கறுவாக் கன்றுகளை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

இன்று நம் கடைகளில் பட்டை என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் கறுவா அன்று. சீனம், வியட்நாம், இந்தோனேசியா நாடுகளின் காசியா என்னும் வேறொரு மரத்தின் பட்டையே அது. தடித்து, கடினமாக, ஒரே மடிப்பாகச் சுருண்டிருப்பது காசியா. தாள் போல் மெல்லிய பல மடிப்புகள் கொண்டு, கையால் நொறுங்குவது கறுவா. காசியாவில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அதனை அளவுக்கு மீறி உண்பது சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடும் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2006இல் எச்சரித்தது. விருந்துச் சோற்றில் இடும் ஓரிரு துண்டுகளால் அச்சம் வேண்டா. மருந்தென்று கருதி நாள்தோறும் தூள் உண்போரே கவனிக்க வேண்டும். காசியாவைக் காசியா என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொடுப்பதே மோசடி. அதனை நம் மார்க்கம் தடுத்துள்ளது. வணிகர் பலரைக் கொண்ட நம் ஜமாஅத் இதனை நினைவில் கொள்ளட்டும். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியிருப்பதும், பெயருக்குரிய பொருளே அப்பெயரில் விற்க வேண்டும் என்பதற்காகவே.

மணமேல்குடி முதல் மீமிசல் வரை நம் கரையோர ஊர்களில் கொழும்புச் சபராளிகள் இருந்த காலத்தை முதியோர் அறிவர். 1948இல் இலங்கையில் இயற்றப்பட்ட குடிவரவு குடியகல்வுச் சட்டத்துக்குப் பின் கடவுச்சீட்டும் விசாவும் குறுக்கே வந்தன. போக்குவரத்து குறுகியது, பின்னர்ப் பிழைப்பு வளைகுடா நாடுகளுக்குத் திரும்பியது. கறுவாவின் வரலாற்றை மன்னரும் கும்பினியாரும் ஏட்டில் எழுதி வைத்தனர். நம் பாட்டனாரின் வரலாறோ பழைய கடிதங்களிலும், கணக்கேடுகளிலும், மங்கிய கடவுச்சீட்டுகளிலும் அடங்கியுள்ளது. வீடு இடித்துக் கட்டும்போதெல்லாம் அவை குப்பைக்குச் செல்கின்றன.

ஆகவே ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பழைய தாள்கள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள்; நிர்வாகத்திடம் காட்டுங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். முதியோர் சொல்வதை இளைஞர் எழுதிக் கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மலரில், இன்ஷா அல்லாஹ், இவ்வரலாற்றின் மீதிப் பகுதியை நம் ஊராரின் சொற்களிலேயே எழுதுவோம்.