ஹேசலும் என் ஒன்பதாம் வகுப்பு மாணவியும்



போன வாரம் பேத்தி ஒரு ஆங்கில நாவலைக் கொடுத்து, "அழாம படிச்சு முடிங்க தாத்தா, பார்ப்போம்" என்றாள். ஜான் கிரீன் 2012-ல் வெளியிட்ட 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. புற்றுநோயோடு வாழும் 16 வயது ஹேசலும், அதே நோயால் ஒரு காலை இழந்த அகஸ்டஸும் காதலிக்கும் கதை. (சுஷாந்த் சிங்கின் கடைசிப் படம் 'தில் பேச்சாரா' இதுதான்.) பந்தயத்தில் தோற்றேன். ஹேசலுக்காக மட்டும் அழவில்லை.

1994-ல் கூடலூர்ப் பக்கம் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பழங்குடிப் பெண் இருந்தாள். ஆடி மழையும் குளிரும் வந்தால் பள்ளிக்கு வரமாட்டாள். கேட்டால் "முட்டியெல்லாம் குத்துது சார்" என்பாள். மட்டம் போடுகிறாள் என்று வகுப்பு முன்னால் நிற்க வைத்தேன். அந்த வருடமே படிப்பை விட்டுவிட்டாள். (அந்த பேட்ச்காரர்களுக்கு ஆள் தெரியும். தயவுசெய்து கமெண்டில் பெயர் எழுதாதீர்கள்.)

அவளுக்கு இருந்தது அரிவாள் செல் சோகை. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு கதிர் அரிவாள் போல் வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். குளிர் பட்டாலும் உடம்பில் தண்ணீர் வற்றினாலும் வலி கிளம்பிவிடும். 1910-ல் சிகாகோ டாக்டர் ஹெரிக் இதை முதலில் எழுதினார். நோயாளி, கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த இளைஞர். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதன் கூறு இருப்பதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அதே வருடம் அசாம் தேயிலைத் தொழிலாளர்களிடமும் இது கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் கூறு வந்தால் நோய் வராது, மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றவும் செய்யும். மலேரியாக் காடுகளில் இது தங்கிவிட்டது அதனால்தான்.

நான் அவளை நிற்க வைத்தது, அந்தக் கட்டுரை வந்து 42 வருடம் கழித்து. ஆசிரியப் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வரி சொல்லித் தரவில்லை.

2023 ஜூலை 1-ல் மத்திய அரசு இதற்கென ஒரு இயக்கம் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, கையில் ஒரு அட்டை. கல்யாணத்துக்கு முன் ஜாதகம் போல அட்டையையும் பார்க்கச் சொல்கிறார்கள். நல்லதுதான். இருவருக்கும் அந்தக் கூறு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஆனால் நோய் உள்ள பெண்ணுக்குக் கல்யாணமே ஆகாது என்று இதை வைத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பு. துணைவருக்கு அந்தக் கூறு இல்லையென்றால் பிள்ளைகளுக்கு நோய் வராது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். சில வருடம் முன்பு கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், இரண்டு பிள்ளைகளோடு. "கல்யாணத்துக்கு முன்னாடியே அவரு ரத்தத்தையும் பாத்தாங்க சார், அதுல இல்ல. நான் மாத்திரை சாப்பிடறேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஊட்டி பஸ் வந்துவிட்டது.

"சார், ஸ்வெட்டர் போடலயா? மேல குளிரும்" என்றாள்.