நவோகாவ் கஞ்சாக் கமம்: ஒரு பயிரின் அறிவும் அரசிறையும்

வங்காளத்தின் குடியேற்றகாலப் பொருளாதார வரலாற்றை எழுதியோர் அவுரி, அபின், சணல் ஆகிய மூன்று பயிர்களுக்கும் விரிவான இடம் ஒதுக்கியுள்ளனர். 1859 - 60ஆம் ஆண்டுகளில் அவுரிச் செய்கையாளர் நடாத்திய கிளர்ச்சி இன்று பாடநூல்களிலும் இடம்பெறுகின்றது. அதே மாகாணத்தில், அரசின் அனுமதியுடன், கமக்காரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கஞ்சாப் பயிரோ அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. போதைப்பொருள் என்ற தலைப்பின் கீழ் அது ஒழுக்கவாதிகளிடமும் காவற்றுறையினரிடமும் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதனை உட்கொண்டோரைப் பற்றி நூல்கள் உண்டு. விளைவித்தோரைப் பற்றி மிகக் குறைவு. இக்கட்டுரை விளைவித்தோரையே நோக்க முற்படுகின்றது.

வட வங்காளத்தில் ராஜஷாகி, தினாஜ்பூர், பொக்ரா ஆகிய மூன்று மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடும் பகுதியிலே 'கஞ்சா மகால்' எனப்பட்ட நிலப்பரப்பு அமைந்திருந்தது. மகால் என்பது இறைமொழிச் சொல். அரசுக்கு வருமானந் தரும் ஊற்று ஒவ்வொன்றும், நிலமாயினும் நீராயினும் உப்பாயினும், ஒரு மகாலாகவே கணக்கிடப்பட்டது. இம்மகாலின் தலைமையிடம் நவோகாவ் எனும் சிறு நகராகும். இன்று அது வங்காளதேசத்தின் மாவட்டத் தலைநகர்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தில் வங்காளத்தின் கஞ்சாத் தேவையை நிறைவு செய்தது பெரும்பாலும் இந்நிலப்பரப்பே. ஒரு பயிர் ஓரிடத்தில் ஒடுங்கியதற்கு மண்ணின் வளம் மாத்திரம் காரணமாகாது. பரந்த நாட்டின் கொல்லைகளைக் காவல் செய்வதிலும் ஒரு சில கிராமங்களைக் காவல் செய்வது எளிது என்பதை அரசு கண்டுகொண்டிருந்தது.

கஞ்சாச் செடி வங்காளக் கிராமங்களுக்குப் புதியதன்று. பாழ்நிலத்திலும் வீட்டுக் கொல்லையிலும் அது தானாகவே முளைத்தது. அதன் இலையாகிய பாங்கு விழாக்காலப் பானத்திற்கும் கால்நடை மருந்துக்கும் பயன்பட்டது. கிழக்கிந்தியக் கம்பனி 1793இல் இயற்றிய ஒழுங்குவிதி, ஆட்சியரின் அனுமதிப்பத்திரமின்றிப் பாங்கு, கஞ்சா, சரஸ் முதலியவற்றை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் தடுத்தது. நிரந்தர நிலவரித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டிலே என்பது கவனிக்கத்தக்கது. நிலவரியை நிலையாக வரையறுத்துவிட்ட அரசு, ஏனைய வழிகளிலே வருமானந் தேடவேண்டியிருந்தது. பின்னர் எடைக்கேற்பத் தீர்வை விதிக்கும் முறை வந்தபோது, ஒவ்வொரு சேர் கஞ்சாவும் எந்த வயலிலே விளைந்து எவ்வழியே எங்குச் செல்கின்றது என்பதை அறியவேண்டிய தேவை அரசுக்கு உண்டாயிற்று.

நமக்குக் கிடைக்கும் ஆதாரங்கள் யாவும் இத்தேவையின் விளைவே. ஹேம் சந்திர கர் என்ற வங்காளி அலுவலர் 1877இல் அளித்த அறிக்கையும், கல்கத்தாத் தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த டேவிட் பிரெயின் 1893இல் அளித்த அறிக்கையும், 1894இல் வெளிவந்த இந்திய கஞ்சா ஆணைக்குழுவின் பெருந்தொகுதிகளும் இவற்றுள் தலையாயன. தீர்வை எங்கே நழுவுகின்றது என்பதைக் கண்டறியவே கர் சென்றார். ஆயினும் வயலின் ஒவ்வொரு வேலையையும் அவர் பொறுமையுடன் பதிந்துவைத்தமையால், கமக்காரனின் தொழிலறிவைப் பற்றிய முதற்றரமான சான்றாகவும் அவ்வறிக்கை அமைந்துவிட்டது. அரசிறையின் கண்கொண்டு எழுதப்பட்டதை உழைப்பின் கண்கொண்டு மீளப் படித்தல் சாத்தியமே.

அவ்வாறு படிக்குமிடத்து முதலில் நம்மை வியக்கவைப்பது இப்பயிர் கேட்ட உழைப்பின் அளவு. நீர் தேங்காத, மரநிழல் படாத, இலேசான மணற்பாங்கு கொண்ட மேட்டுநிலமே இதற்குத் தெரிவு செய்யப்பட்டது. கோடையிலேயே உழவு தொடங்கும். அயலிலுள்ள தாழ்நிலத்திலிருந்து புதுமண் வெட்டி வயலிலே பரப்பப்படும், சாணம் இடப்படும், மழைக்காலம் முடியும்வரை பலமுறை உழவு நிகழும். விதை நாற்றுமேடையிலே ஓகஸ்ட் மாதமளவில் தூவப்பட்டு, செப்ரெம்பரில் நாற்றுகள் பிடுங்கப்பட்டு, உயர்த்திய வரிசை மேடுகளிலே நடப்படும். நவம்பர் வருமுன் அடிக்கிளைகள் கழிக்கப்படும். பின்னர் மேடுகளுக்குப் பிண்ணாக்கும் சாணமும் இட்டு மண் அணைப்பர். நெல் விளைவிக்கும் நிலத்தைப் போலன்றி, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் மனிதக் கை பட்டுக்கொண்டேயிருந்த நிலம் இது.

நவம்பரிலே, பயிர் பூக்கும் வேளையில், 'போத்தார்' என அழைக்கப்பட்டவர் வயலுக்கு வருவார். ஆங்கில அலுவலர் இவரைக் 'கஞ்சா வைத்தியர்' என்று குறிப்பிட்டனர். கஞ்சாவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்செடியின் மகரந்தம் பெண்பூவிற் பட்டால் விதை கட்டும். விதை கட்டினால் பிசின் குன்றும். சந்தையில் அதற்கு விலையில்லை. எனவே ஆண்பூ விரியுமுன்பே, அரும்பின் அமைப்பை மாத்திரங் கொண்டு ஆண்செடிகளை இனங்கண்டு களைதல் வேண்டும். போத்தார் வரிசை வரிசையாக நடந்து, செடிகளைப் பார்த்து, ஆண்செடிகளை ஒடித்துச் செல்வார். தப்பியவற்றைக் கமக்காரர் அடுத்தடுத்த வாரங்களில் தாமே தேடிக் களைவர். ஒருவர் வயலில் எஞ்சிய ஆண்செடி அயலவர் பயிரையும் கெடுத்துவிடும்; ஆதலால் இது தனியொருவர் பொறுப்பாக இருந்ததில்லை. நாற்றங்கால் முதல் அறுவடை வரை ஊர் முழுவதும் ஒருமித்து நடக்கவேண்டிய கட்டாயத்தைச் செடியின் இயல்பே விதித்திருந்தது.

ஐரோப்பிய அறிவியலில் தாவரங்களின் பாலினம் பற்றிய கருத்தை ருடோல்ப் கமெராரியஸ் பரிசோதனை மூலம் நிறுவ முயன்றது 1694இல். அவர் ஆராய்ந்த செடிகளுள் கஞ்சா இனச் செடியும் ஒன்று. ஆண்செடியிலிருந்து விலக்கி வளர்த்த பெண்செடி சில விதைகளைத் தந்தமை அவருக்குப் பெருங் குழப்பத்தை உண்டாக்கியது. விலக்கி வளர்த்தலின் இடர்ப்பாட்டை நவோகாவ் கமக்காரர் நன்கறிந்திருந்தனர். அதற்காகவே மீண்டும் மீண்டும் வயலைச் சுற்றிவந்தனர். எனினும் தாவரவியல் வரலாற்றில் போத்தாருக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கமக்காரனுக்கு இவ்வறிவின் பொது நியதி அந்நியமானதன்று. நுனியைக் கிள்ளிப் புகையிலையைப் பூக்கவிடாது தடுத்து, செடியின் வலு முழுவதையும் இலைக்குத் திருப்பும் அவனும், பூவை விதையாகவிடாது தடுத்துப் பிசினுக்குத் திருப்பிய வங்காளத்துக் கமக்காரனும், செடியின் இனப்பெருக்கத்தை மறித்துப் பயன்கொள்ளும் ஒரே நுட்பத்தையே கையாண்டனர்.

அறுவடை ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நிகழும். அத்துடன் வேலை முடிவதில்லை. புகையிலையைப் போலவே கஞ்சாவும் பாடம் செய்யப்பட்டாலன்றிச் சந்தைக்கு உதவாது. 'சாத்தர்' எனப்பட்ட திறந்த களத்திலே பாய்கள் விரித்து, வெட்டிய பூங்கதிர்களை அடுக்கி, வெயிலில் வாடவிட்டு, கூலியாட்கள் வெறுங்காலால் மிதிப்பர். மிதித்த அடுக்கைப் புரட்டி, உதறி, மூடி வைத்து, மறுநாள் மீண்டும் மிதிப்பர். இவ்வாறு சில நாட்களிலே தட்டையாகப் படிந்த 'சப்டா' உருவாகும். உருண்டை வடிவான 'கோல்' வகைக்கு இன்னும் கூடிய திறன் வேண்டும். கிடையாகக் கட்டிய மூங்கிலைப் பற்றிக்கொண்டு, கதிர்களைப் பாதத்தின் கீழ் உருட்டி உருட்டித் திரட்டுவர். உதிர்ந்த பூந்துகள் 'சூர்' என்ற மூன்றாவது வகையாயிற்று. இத்தொழிலின் இரசாயனத்தை அறிவியல் மெல்லவே எட்டியது. 1896இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சரஸிலிருந்து கனபினோலைப் பிரித்தெடுத்தனர். முதன்மையான மயக்கப்பொருளை இஸ்ரேலிய அறிஞர் காவோனியும் மெச்சூலமும் தூயநிலையில் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டது 1964இல். பெண்பூவின் நுண்சுரப்பிகளிலேயே பிசின் தங்குகின்றது என்பதும், காலஞ் செல்லச் செல்ல அதன் வீரியம் சிதைந்து கனபினோலாக மாறுகின்றது என்பதும் இன்று தெளிவு. பழைய சரக்கு வலுவற்றது என்பதை வாங்குவோரும் விற்போரும் அதற்கு முன்பே அறிந்திருந்தனர்.

களத்தின் எல்லையிலேயே அரசு காத்து நின்றது. சாத்தர்கள் பதியப்பட்டு, மதுவரி அலுவலரின் கண்காணிப்பில் இருந்தன. விளைபொருள் நவோகாவிலிருந்த 'கோலா' எனும் பண்டகசாலைகளில் வைக்கப்பட்டு, தீர்வை செலுத்திய பின்பே வெளிச்சென்றது. தண்டு மிகுந்த சப்டாவுக்குக் குறைந்த தீர்வை, தண்டு குறைந்த கோலுக்கு அதிலுங் கூடியது, தண்டே அற்ற சூருக்கு எல்லாவற்றிலும் கூடியது என மூவகைத் தீர்வை விதிக்கப்பட்டது. அதாவது கமக்காரனும் கூலியாளும் பாடம் செய்வதிற் காட்டிய திறனையே அரசு அளவுகோலாக்கித் தனக்குரிய பங்கை நிருணயித்தது. நூற்றாண்டின் இறுதியில் ஒரு சேருக்கு அரசு பெற்ற தீர்வை, அதே சேருக்குக் கமக்காரன் பெற்ற விலையிலும் பன்மடங்காக இருந்தது. இடையே தரகர் இருந்தனர். முற்பணங் கொடுத்தவருக்கே விளைவை விற்கவேண்டிய நிலையில் கடன்பட்ட கமக்காரன் நின்றான். அதே வட்டாரத்திலுள்ள பதிசாரில், தம் குடும்பப் பண்ணையின் குடிகளைக் கடன் பொறியிலிருந்து மீட்க இரவீந்திரநாத் தாகூர் 1905இல் ஒரு கிருஷி வங்கியைத் தொடக்கியமை, அங்கு நிலவிய கடன்சுமையின் தன்மையை உணர்த்தப் போதுமானது.

1893இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மதுவிலக்கு இயக்கத்தவரான டபிள்யூ. எஸ். கெயின் எழுப்பிய வினாவின் விளைவாக இந்திய கஞ்சா ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. மக்வேர்த் யங் தலைமையில் எழுவர் அமர்ந்து, 1,193 சாட்சிகளை விசாரித்தனர். மிதமான நுகர்வு பெருந்தீங்கு விளைவிப்பதற்குச் சான்றில்லை, முழுத்தடை வேண்டியதில்லை என அவர்கள் முடிவு செய்தனர். மனநோய் மருத்துவமனைகளின் பதிவேடுகளில் நோய்க்குக் காரணம் கஞ்சா என எழுதப்பட்டிருந்தவை பெரும்பாலும் போதிய விசாரணையின்றி நிரப்பப்பட்டவை எனக் காட்டியது அக்குழுவின் சிறந்த பணியாகும். இன்று இவ்வறிக்கையைத் தாராள சிந்தனையின் ஆவணமாகப் போற்றுவோர் பலர். அவர்களோடு முற்றாக உடன்படுதல் கடினம். அறிக்கை விதந்துரைத்த வழி யாது? பயிர்ச்செய்கையை ஒருசில இடங்களில் ஒடுக்குதல், அனுமதிப்பத்திரத்தை இறுக்குதல், தீர்வையை உயர்த்துதல் ஆகியனவே. வங்காளத்து மகாலின் முறையே ஏனைய மாகாணங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. தமிழகத்தில் வட ஆர்க்காட்டுச் சவ்வாது மலைவாழ் மக்களின் கஞ்சாச் செய்கையும் இத்தகைய கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நுகர்வோரின் சார்பில் நியாயமாகப் பேசிய ஆணைக்குழு, விளைவிப்போன் பெறும் விலையைத் தன் வினாவாகக் கொள்ளவில்லை. இந்திய உறுப்பினர் மூவருள் சசிசேகரேஸ்வர ராயும் லாலா நிகால் சந்தும் தனித்தனியே மாறுபட்ட குறிப்பு எழுதினர். இவர்களுள் முன்னவர் ராஜஷாகி மாவட்டத்துத் தாகிர்பூரின் ஜமீன்தார்.

அவ்வினாவைப் பின்னர் எழுப்பியோர் கமக்காரரே. கடன் வழங்கும் சங்கங்களுக்கு மாத்திரம் இடமளித்த 1904ஆம் ஆண்டுச் சட்டத்தை விரித்து, விற்பனைச் சங்கங்களுக்கும் 1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் வழிவகுத்தது. அதன்கீழ் 1917இல் நவோகாவ் கஞ்சாச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. விளைவு முழுவதையும் சங்கமே ஏற்று விற்றமையால் தரகரின் பிடி தளர்ந்தது. இலாபத்தின் ஒரு பகுதியிலிருந்து பாடசாலைகள், இலவச வைத்தியசாலைகள், வீதிகள், பள்ளிவாசல்கள், கோயில்கள் எழுந்தன. அரசாங்க அலுவலரின் மேற்பார்வை நீங்கவில்லை, தீர்வையும் குறையவில்லை. மேலும், சங்கம் செய்கையாளரின் சங்கமேயன்றிக் களத்திலே மிதித்த கூலியாளின் சங்கமாகவில்லை. இக்குறைகள் யாவற்றையும் ஏற்றுக்கொண்டாலும், குடியேற்ற ஆட்சியின் தனியுரிமைப் பயிரொன்றில் விளைவித்தோர் தமக்கெனச் சந்தையில் ஒரு கையை ஊன்றிய அரிய நிகழ்வு இது என்பதை மறுத்தலாகாது. அபின் விளைவித்த பீகார்க் கமக்காரனுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

1947இன் பிரிவினை நவோகாவைக் கிழக்குப் பாகிஸ்தானில் நிறுத்தியது. கல்கத்தாவும் அசாமும் எல்லைக்கு அப்பாற் சென்றன. 1961ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கை, மரபுவழிக் கஞ்சா நுகர்வை இருபத்தைந்து ஆண்டுகளுள் ஒழிக்க நாடுகளைக் கோரியது. 1971இல் தோன்றிய வங்காளதேசம் 1987இல் பயிர்ச்செய்கையை நிறுத்தியது. சங்கத்தின் கட்டடங்களும் நிலங்களும் நவோகாவ் நகரில் எஞ்சின.

கனடாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலான மாகாணங்களில், ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வளர்க்க அனுமதித்தது. ஜேர்மனியில் 2024 முதல் வளர்ந்தோர் ஒருவர் மூன்று செடிகள் வளர்க்கலாம். அந்நாடுகளிற் புதிதாக வீட்டிலே செடி வளர்ப்போருக்கென எழுதப்படும் கைநூல்கள், ஆண்செடியை வேளையோடு இனங்கண்டு களைவதையும், அறுத்த பூவை ஆறுதலாக உலர்த்திப் பாடம் செய்வதையும் தொடக்கப் பாடங்களாகக் கற்பிக்கின்றன. நவோகாவில் வயல்தோறும் நடந்து அதனைச் செய்த போத்தார்களுள் ஒருவரது பெயரேனும் அந்நூல்களில் இல்லை. அரசிறை அறிக்கைகளிலும் அவர்கள் தொழிற்பெயராலேயே குறிக்கப்படுகின்றனர்.