டிராக்டர் டிரெய்லர்: கரிசல் சாலைகளில் பாதுகாப்பு

டிராக்டர் டிரெய்லர் என்பது சொந்த எஞ்சின் இல்லாமல் டிராக்டரின் பின்கொக்கியில் மாட்டி இழுக்கப்படும் பாரவண்டி. ஹைட்ராலிக் ஜாக்கியால் தொட்டியைத் தூக்கிக் கொட்டும் வகைக்கு டிப்பர் என்று பெயர். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், சாத்தூருக்குத் தென்மேற்கே இருக்கும் ஏழாயிரம்பண்ணையை வெளியூர்க்காரர்கள் பட்டாசுக்காகவும் தீப்பெட்டிக்காகவும் அறிவார்கள். பட்டாசுப் பெட்டிகள் லாரியில் போகின்றன. வெடிபொருள் ஏற்றிச் செல்ல 2008ஆம் ஆண்டு விதிகள் தனியே இருக்கின்றன. மக்காச்சோள மூட்டை, சோளத்தட்டை, கண்மாய் வண்டல், செங்கல், சீமைக்கருவேல விறகு, தண்ணீர்த் தொட்டி என்று மற்ற பாரங்களெல்லாம் பெரும்பாலும் டிராக்டருக்குப் பின்னால்தான்.

இதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது மாட்டு வண்டி. 1876இல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை திறந்தபின் கரிசல் பருத்தி வண்டிகளில் ஏறி சாத்தூர், விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) நிலையங்களுக்குப் போனது. வண்டிக்காரர்கள் விட்டுப்போன இரண்டு சொற்கள் டிரெய்லரின் பாதுகாப்புக்கு இன்றும் போதும்: முன்பாரம், பின்பாரம். மூட்டைகள் முன்னால் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி நுகமே கழுத்தை விட்டுத் தூக்கும். மாட்டின் இடத்தில் டிராக்டரை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறவில்லை.

இரண்டு சக்கர டிரெய்லரில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் இறங்கவேண்டும். பின்பாரமானால் கொக்கி மேலே இழுக்கப்பட்டு டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும்; வேகம் கூடக்கூட டிரெய்லர் வால்போல இருபக்கமும் ஆடும். முன்பாரம் மிஞ்சினால் ஆபத்து வேறு வகை. பாலத்து ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. நான்கு சக்கர டிரெய்லருக்கு முன்னாலும் ஓர் அச்சு உண்டு. எடையை அதுவே தாங்கிக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது இரண்டு இடத்தில் திரும்பும் வண்டி. அதைப் பின்னால் எடுப்பது பழகிய ஓட்டுநருக்கும் சோதனைதான்.

இழுப்பதைவிட நிறுத்துவது கடினம். ஐம்பது குதிரைத்திறனுக்குள் இருக்கும் டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். 5,000 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே 5 டன். இரும்புத் தொட்டி தனி. நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. ஆக, தன்னைப்போல இரண்டரை மடங்குக்கு மேலான எடையை டிராக்டர் தன் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தவேண்டியிருக்கிறது. வேகம் இரட்டித்தால் நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வளைவில் சட்டென்று மிதித்தால் டிராக்டர் நிற்கும், டிரெய்லர் நிற்காது. அது மடங்கி வந்து டிராக்டரைக் குறுக்கே தள்ளும். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. எந்த கியரில் ஏற்றம் ஏறுமோ அதே கியரில் இறங்குவதுதான் சரி. மிச்சம் பிடிக்கும் டீசலின் விலையையும் கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தக் கிரேனுக்குக் கொடுக்கும் காசையும் ஒப்பிட்டால் போதும்.

டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. உழவில் குறுகிய இடத்தில் திரும்ப ஒரு பக்கம் மட்டும் மிதிக்கலாம். தார்ச்சாலையில் ஏறுமுன் இரண்டு மிதிகளையும் சேர்க்கும் கொண்டியைப் போட்டாகவேண்டும். போடாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் அந்தப் பக்கமே சுழன்று கவிழும். காட்டிலிருந்து நேரே ரோட்டுக்கு வரும் அவசரத்தில் மறந்துபோகிற காரியங்களில் இதுதான் முதல். இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கை விடுவிக்காமல் வருவது இரண்டாவது.

தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு சூட்சுமம். நிறைந்த தொட்டியைவிடப் பாதி நிறைந்த தொட்டி பொல்லாதது. திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் மோதி முழு வண்டியையும் சாய்க்கும். பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து இடிக்கும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த தொட்டியில் இந்த அலைச்சல் குறையும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் தொட்டி செய்யச் சொல்பவர் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான், பெயின்ட் நிறத்தை அல்ல.

வண்டிக்குக் கடையாணி எப்படியோ, டிரெய்லருக்குக் கொக்கிப் பின் அப்படி. பின் மேலே எழும்பாமல் அடியில் கிளிப் இருக்கவேண்டும். பின் தொலைந்தால் கையில் கிடைத்த கம்பித் துண்டைச் சொருகக் கூடாது. கொக்கி கழன்றாலும் வண்டி தனியே ஓடாதிருக்க ஒரு சங்கிலி மாட்டுவது அதிகச் செலவில்லை.

இரவில் பின்னால் வருகிறவருக்கு டிரெய்லர் தெரிவதில்லை என்பதே பல விபத்துகளுக்குக் காரணம். மெதுவாகப் போகும் வாகனத்துக்கான ஆரஞ்சு முக்கோணத்தை அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். நம் ஊரில் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் உண்டு. சேறும் வைக்கோலும் அவற்றை மூடிவிடுகின்றன. பஞ்சராகி நின்ற வண்டியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை ரோட்டிலேயே விட்டுப்போகும் பழக்கமும், மழைக்காலத்தில் டயரில் அப்பிய கரிசல் மண் தார்ச்சாலையில் கட்டிகட்டியாய் உதிர்வதும் பின்னால் பைக்கில் வருகிறவரைச் சாய்க்கும். ஓட்டுநர் காதில் ஹாரன் விழாத அளவுக்குப் பாட்டுப்பெட்டி அலறுவது வேறு.

சட்டத்தில், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆவது பிரிவுப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் வேண்டும். அது வண்டியின் பக்கவாட்டில் இருக்கவேண்டும். இழுக்கும் டிராக்டரின் எண்ணும் டிரெய்லரில் தெரியவேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய விதிகள் வேளாண் டிராக்டரைப் போக்குவரத்து வாகனமாகக் கருதுவதில்லை. அதே வண்டி கூலிக்குச் செங்கல் ஏற்றினால் அந்தச் சலுகை நிற்காது; விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, டிரெய்லர் மாட்டியதாலேயே டிராக்டர் உரிமம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது.

மீதி இருப்பது ஆள் ஏற்றுவது. கூலி வேலைக்கும், ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கும் டிரெய்லரில் குடும்பத்தோடு ஏறிப்போவது நமக்குப் பிழையாகத் தோன்றுவதில்லை. உத்தரப் பிரதேசம் கான்பூர் அருகே 2022 அக்டோபர் 1 அன்று கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்பவருக்கு இழப்பீடு தரும் சட்டப் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு. டிராக்டரின் ஆர்சி புத்தகத்தைப் புரட்டினால், இருக்கை எண்ணிக்கைக்கு நேரே பொதுவாக 1 என்றுதான் இருக்கும். அது ஓட்டுநருக்கு.