வெயில் பதப்படுத்திய தட்டு

சித்திரை பிறந்ததும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து வீடுகளின் வாசலும் மொட்டைமாடியும் சமையலறையோடு சேர்ந்துகொள்ளும். பழைய வேட்டியில் வடகம், முறத்தில் மோர்மிளகாய், பாயில் மாங்காய்த் துண்டு. முன்பு இவற்றோடு இன்னொன்றும் காய்ந்தது. கயிற்றில் கோத்து, காக்கைக்கும் பூனைக்கும் எட்டாமல் கட்டிய உப்புக்கண்டம்.

ஐரோப்பியர்கள் கோடை விருந்துக்கு ஒரு மரப்பலகையில் சீஸ், உப்பிட்ட இறைச்சி, பழம் மூன்றையும் பரப்பிவைப்பார்கள். அந்த வழக்கம் இப்போது நம் ஊர் ஓட்டல்களுக்கும் வந்துவிட்டது. பார்க்க அலங்காரமாக இருந்தாலும் அந்தப் பலகையின் பொருள்கள் பஞ்சத்துக்கும் குளிருக்கும் அஞ்சிய மக்கள் சேமித்துவைத்தவை. கெட்டுப்போகும் பாலைச் சீஸாக்கினார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் பன்றியை அறுத்து, கறியை உப்பிட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்றது குளிர்ந்த நிலவறையும் மலைக்குகையும்.

கொங்கு நாட்டில் அந்தக் குளிர் கிடையாது. ஆனாலும் பால், கறி, பழம் மூன்றையும் காத்துவைக்க வேண்டிய தேவை இங்கும் இருந்தது. கொங்குக் குடியானவர்கள் குளிரைத் தேடிப் போகவில்லை. வெயிலையும் அடுப்பையும் வெல்லத்தையும் கொண்டே அந்த வேலையை முடித்தார்கள். உடுமலையிலிருந்து மாட்டுவண்டியில் ஓரிரு நாளில் போய்ச் சேரும் தூரத்துக்குள் இந்த மூன்று தொழில்களும் தனித்தனி ஊர்களில் வேர்விட்டிருந்தன.

உடுமலை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் ஊர். ஆனைமலையும் பழனிமலையும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் வந்து சேரும். இன்று பூளவாடிப் பக்கம் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளுக்கு அந்தக் காற்றுதான் முதல். காய்ந்த காற்றும் கொளுத்தும் வெயிலும் சேர்ந்த நிலத்தில் எதைக் காயவைத்தாலும் சீக்கிரம் காயும்.

கறியிலிருந்து தொடங்கலாம். கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் கிடா வெட்டும் நாளில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாத அளவு கறி கிடைக்கும். உறவுக்குப் போட்டது போக மீந்ததைக் காப்பதற்கு எழுந்த முறை உப்புக்கண்டம். எலும்பு நீக்கிய வெள்ளாட்டுக் கறியை விரல் தடிமனில் நீளவாக்கில் அரிவார்கள். கொழுப்பை இயன்றவரை வழித்தெடுப்பார்கள், இல்லாவிட்டால் நாள்பட்டதும் காறல் அடிக்கும். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய் மூன்றையும் அம்மியில் அரைத்துப் பிசறி, ஓர் இரவு ஊறவிடுவார்கள். பூண்டும் சீரகமும் சேர்ப்பது வீட்டுக்கு வீடு மாறும். மறுநாள் கோணி ஊசியால் நூலில் கோத்துக் கொடியில் கட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், இரவுப் பனி பட்டால் பூஞ்சை பிடிக்கும். துண்டுகள் வளையாமல் விறைப்பாகி, ஒன்றோடொன்று தட்டினால் சத்தம் வரும் பக்குவத்தில் பானைக்குப் போகும்.

இதன் சூட்சுமம் எளிது. உப்பு கறியின் ஈரத்தை வெளியே இழுக்கிறது, வெயில் அதை உலர்த்துகிறது. ஈரம் குறைந்த இடத்தில் நுண்ணுயிர் பெருகாது. ஆண்டீஸ் மலைமக்கள் சார்க்கி செய்ததும், தென்னாப்பிரிக்காவில் பில்டாங் செய்வதும் இதே வழியில்தான். கொங்கு வீட்டில் அதைச் சாப்பிடும் முறை மட்டும் வேறு. துண்டை அம்மிக்கல்லில் நசுக்கி, சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கினால் கம்மஞ்சோற்றுக்கும் ராகிக்களிக்கும் அதைவிடப் பொருத்தமான தொடுகறி இல்லை. ஒரு துண்டு, ஒரு வட்டில் சோற்றை இழுத்துக்கொண்டு போகும்.

பாலின் கதை இன்னும் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகிறார். மோர் விற்று வீட்டாருக்கு உணவு கொண்டுவரும் அவள், நெய்யின் விலையாகப் பொன்னை வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கேட்டு வாங்குகிறாள். நெய் அப்போதே மாடாக மாற்றிக்கொள்ளக்கூடிய சேமிப்பாக இருந்தது.

சீஸ் ஏன் இங்கே தோன்றவில்லை என்ற கேள்விக்கும் ஒரு விடை இருக்கிறது. பழைய முறைப்படி சீஸ் செய்யக் கன்றின் இரைப்பையில் சுரக்கும் நொதி வேண்டும். கன்றைக் கொல்லாத சமூகத்துக்கு அது ஆகாது. பால் திரிவதே நல்ல சகுனமில்லை என்று நினைத்த வீடுகளும் உண்டு. போதாக்குறைக்கு, சீஸை மாதக்கணக்கில் முதிரவைக்கும் குளிர்ச்சி சமவெளியில் இல்லை. எனவே பால் தயிராகி, மத்தில் கடைபட்டு, வெண்ணெயாகி, அடுப்பில் நெய்யானது. உருகும் வெண்ணெயில் முருங்கைக் கீரையைக் கிள்ளிப் போட்டு, கீரை மொறுமொறுப்பானதும் இறக்குவார்கள். நீர் முழுதாக வற்றியதற்கு அதுவே அடையாளம். அடியில் தங்கும் கசண்டில் சோற்றைப் பிசைந்து உண்பது வீட்டுக் குழந்தைகளின் உரிமை.

இந்தத் தொழில் பெயர் பெற்ற ஊர் ஊத்துக்குளி. சென்னையிலிருந்து மேற்கே இட்ட இருப்புப் பாதை 1862-இல் போத்தனூரை எட்டியது. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் அந்தப் பாதையில் உள்ள ஊத்துக்குளி, சுற்றுவட்டாரக் கிராமங்களின் வெண்ணெய் திரளும் இடமானது. ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் கொங்கு நாட்டில் இன்றும் மறுபேச்சில்லை.

அந்த வெண்ணெய்க்குப் பின்னால் ஒரு மேய்ச்சல் நிலம் இருந்தது. காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் அதைக் கொறங்காடு என்பார்கள். கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். மழை பொய்த்த ஆண்டிலும் மாட்டுக்கு ஏதேனும் கிடைக்கும்படி குடியானவர்கள் வளர்த்த காடு அது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த காங்கேயம் காளைகள் ஏருக்கும் ஏற்றத்துக்கும் பேர்போனவை. பசுக்கள் கொடுக்கும் பால் குறைவுதான். வீட்டுப் பாலுக்கும் வெண்ணெய்க்கும் எருமையே பெருந்துணை.

மூன்றாவது பழம். உடுமலைக்குக் கிழக்கே பழனி. முருகனுக்கு அபிஷேகமாகும் பஞ்சாமிர்தம் உண்மையில் பழத்தைக் காக்கும் ஒரு தேர்ந்த முறை. மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், இவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. விருப்பாச்சி மலைவாழையில் இயல்பாகவே ஈரம் குறைவு, கனியும்போது தோல்தான் சுருங்கும். அதோடு சர்க்கரையும் தேனும் சேரும்போது நுண்ணுயிர் வாழ ஈரம் மிஞ்சாது. உப்பு கறிக்குச் செய்வதை இங்கே சர்க்கரை பழத்துக்குச் செய்கிறது. எடப்பாடியிலிருந்து தைப்பூசத்தை ஒட்டிக் காவடி கட்டி நடந்துவரும் பக்தர்கள் பழனியிலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து ஊருக்கு எடுத்துப்போவது பல தலைமுறை வழக்கம். 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தம் புவிசார் குறியீடு பெற்றது.

இனிப்புக்கு இன்னொரு வழியும் இருந்தது, அது தெற்கே மலையேறியது. சின்னாறு காட்டைத் தாண்டி, உடுமலையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் கேரளத்து மறையூர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி சேர்ந்த அஞ்சுநாட்டு மக்கள் தமிழ் பேசுபவர்கள். மாநில எல்லை வகுக்கப்பட்ட பிறகும் அவர்களுக்குக் கிட்டத்துச் சமவெளிச் சந்தை உடுமலைதான். மறையூர் ஆலைகளில் கரும்புச்சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, பாகு இறுகும் தறுவாயில் மரத்தொட்டியில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்கிறார்கள். உருட்டிய விரல்களின் தடம் வெல்லத்தின் மேல் அப்படியே பதிந்திருக்கும். அச்சில் வார்த்த வெல்லத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தத் தடம்தான். மறையூர் வெல்லமும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தளூரின் பூண்டும், கோடையில் பழுக்கும் பிளம்ஸும் இதே சாலையில் இறங்கி வருகின்றன.

இந்த ஏற்பாடுகள் மெல்ல மாறத் தொடங்கின. திண்டுக்கல்லையும் பொள்ளாச்சியையும் இணைத்த ரயில் பாதை 1928-இல் திறந்தபோது பழனியும் உடுமலையும் ஒரே தண்டவாளத்தில் வந்தன. 1957-இல் அமராவதி அணை எழுந்தது. பின்னால் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் நீர் திருமூர்த்தி அணை வழியே பாய்ந்தது. மானாவாரிக் காடுகள் கரும்புத் தோட்டமும் தென்னந்தோப்பும் ஆயின. கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தது. கம்பும் சோளமும் விளைந்த நிலத்தில் நெல்லும் தேங்காயும் விளைந்தபோது, கம்மஞ்சோற்றை நம்பியிருந்த உப்புக்கண்டத்தின் இடமும் சுருங்கியது.

உப்புக்கண்டத்துக்குப் பெரிய அடி விழுந்ததும் இதே ஊரிலிருந்துதான். 1980-களில் சௌந்தரராஜன், சுந்தரராஜன் சகோதரர்கள் உடுமலையில் சுகுணா கோழிப்பண்ணைத் தொழிலைத் தொடங்கினார்கள். 1990-களில் குஞ்சும் தீவனமும் நிறுவனம் தர, உழவர்கள் வளர்த்துக் கூலி பெறும் ஒப்பந்த முறையை அவர்கள் பரப்பினார்கள். அது பின்னர் இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் போனது. கடைத்தெருவில் எந்த நாளும் புதுக்கறி கிடைத்தது. கிடா வெட்டும் நாளுக்குக் காத்திருந்து, மீந்ததைக் காயவைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. அதே காலத்தில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும் சுற்றுப்புற நூற்பாலைகளும் வீட்டுக்கு ஒருவரையாவது ஷிப்டுக்கு அழைத்துக்கொண்டன. பகல் முழுக்கக் காக்கை விரட்டவும் மாலையில் கொடியை அவிழ்க்கவும் வீட்டில் ஆள் இல்லை. குளிர்சாதனப் பெட்டி கடைசியாக வந்து மிச்ச வேலையை முடித்தது.

மலைவாழைக்கு வந்த கேடு வேறு வகை. பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில் முடிக்கொத்து நோய் பரவி, விருப்பாச்சித் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. அசுவினிப் பூச்சி சுமந்துவரும் வைரஸ் நோய் அது, தாக்கிய மரம் குலை தள்ளாது. திசுவளர்ப்பில் நோயற்ற கன்று உருவாக்கித்தான் அந்த இனத்தை மீட்கப் போராட வேண்டியிருந்தது.

சீஸும் ஒருவழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. முதலில் மலைமேல். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறிய கோடைக்கானலில் குளிரும் வெளிநாட்டு நாக்கும் இரண்டும் இருந்தன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே எழுந்த தொழில் ‘கோடை சீஸ்’ என்ற பெயரைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியது. சமவெளியில் ஈரோட்டுப் பக்கத்து மில்கி மிஸ்ட் நிறுவனம் 1990-களில் பனீரில் தொடங்கி சீஸுக்கும் வளர்ந்தது. குகை தேவையில்லை, இயந்திரமே குளிரைத் தருகிறது. நொதியையும் நுண்ணுயிர்களிலிருந்து எடுக்க முடிகிறது. ஒரு காலத்தில் தடையாக நின்ற இரண்டும் விலகிவிட்டன.

ஆகவே இந்தக் கோடையில் உடுமலையில் ஒருவர் விருந்துத் தட்டு அடுக்க நினைத்தால் எதையும் கடல் கடந்து வரவழைக்க வேண்டியதில்லை. கோடை சீஸ் ஒரு துண்டு. அதன் உப்புக்கும் கொழுப்புக்கும் பக்கத்தில் மறையூர் வெல்லம் சிறிது உடைத்து வைக்கலாம். நெய்யில் வாட்டி, நார்நாராகப் பிய்த்த உப்புக்கண்டத்தோடு பச்சைச் சின்ன வெங்காயம். பழத்துக்கு ஆயக்குடிக் கொய்யா, திருமூர்த்தி மலையடிவாரத்து மாம்பழம், கிடைத்தால் காந்தளூர் பிளம்ஸ். இனிப்புக்கு ஒரு கரண்டி பஞ்சாமிர்தம். ரொட்டிக்குப் பதில் கம்பு அடை. மொறுமொறுப்புக்கு வறுத்த மோர்மிளகாய் இரண்டு. சீஸை உண்பதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும், சித்திரை வெயிலில் அதற்கு மேல் தாங்காது. மற்றவை எத்தனை நேரமானாலும் காத்திருக்கும்.

இந்தத் தட்டில் வெல்லத்துக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் சட்டக் காப்பு உண்டு, சீஸுக்கும் நெய்க்கும் தொழிற்சாலை உண்டு. உப்புக்கண்டம் மட்டும் இன்னும் கைப்பக்குவத்தை நம்பியே நிற்கிறது. எத்தனை பங்கு உப்பு, எத்தனை நாள் வெயில், எவ்வளவு ஈரம் எஞ்சினால் கெடாது என்பதெல்லாம் பாட்டிமார்களின் கணக்கில் இருக்கின்றன. உடுமலையை அடுத்த பண்ணைக்கிணறில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இறைச்சிப் பதப்படுத்தலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் அங்கிருந்து நான்கு ஊர் சுற்றினாலே, ஒவ்வொரு வீட்டு முறையையும் அளந்து எழுதிவிடலாம். அந்தக் கணக்கைச் சொல்லக்கூடியவர்கள் பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வேலையை இந்தச் சித்திரையிலேயே தொடங்குவது நல்லது.