விழுறது ரைடர், விழுற இடம் யாரோட பொறுப்பு?

குற்றாலம் மெயின் அருவியில தண்ணி பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுனா, குளிக்கத் தடை. "எனக்கு நல்லா நீச்சல் தெரியும் சார்"னு போலீஸ்கிட்ட சொன்னாலும் விடமாட்டாங்க. அங்க கேள்வி நம்ம திறமையைப் பத்தி இல்ல, அந்த இடத்தைப் பத்தி. தென்காசிப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச இந்த விஷயம், பைக் ரேஸ் உலகத்துக்குப் புரிய பல உயிர் போக வேண்டியிருந்துச்சு.

1972, ஐல் ஆஃப் மேன். ஊர் ரோட்டுலயே நடக்குற ரேஸ். ஓரத்துல வீடு, கல்சுவர். அந்த வருஷம் ஜில்பெர்த்தோ பார்லோத்தி இறந்ததும், உலக சாம்பியன் அகோஸ்தினி "இனி இங்க ஓட்ட மாட்டேன்"னு முடிவெடுத்தார்.

அடுத்த வருஷம், மே 20, இத்தாலியோட மோன்சா டிராக். 250 சிசி ரேஸின் முதல் சுற்றுலயே பசோலினி, சாரினென் ரெண்டு பேரும் இறந்தாங்க. டிராக்கை ஒட்டியே இரும்புத் தடுப்பு. காருக்கு அது கவசம். பைக்ல இருந்து விழுறவருக்கு அது சுவர்.

1974-ல ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்ல, பாதுகாப்பு போதலைன்னு முன்னணி ரைடர்கள் ரேஸையே புறக்கணிச்சாங்க. 1976-க்கு அப்புறம் ஐல் ஆஃப் மேன் உலக சாம்பியன்ஷிப்ல இருந்தே போயிடுச்சு. டிராக் நிர்வாகங்கள் தானா மாறல; ஓட்ட மாட்டோம்னு சொன்னவங்கதான் மாத்த வெச்சாங்க.

நம்ம ஊர்ல? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதல்ல சோழவரத்துல, உலகப்போர் கால விமான ஓடுபாதையில ரேஸ் நடத்துச்சு. அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில சொந்த டிராக். அங்கதான் 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி, தேசிய சாம்பியன்ஷிப்ல ஓட்டுன 13 வயசுப் பையன் விபத்துல இறந்தான். அதே ஜனவரியில ஒரு கார் பந்தய வீரரும் அங்க உயிரிழந்திருந்தார்.

சர்வர் என்னைக்காவது விழும்னு வெச்சுத்தான் நாங்க சிஸ்டம் கட்டுவோம். ரைடரும் விழுவார். விழுந்தவர் எதுல மோதுவார், பின்னாடி வர்ற பைக்குக்குக் கொடி எவ்வளவு சீக்கிரம் தெரியும், எந்த வயசுக்காரரை எந்த பைக்ல விடலாம்: இதெல்லாம் ரைடர் கையில இல்ல.

"என் சொந்தப் பொறுப்பு"ன்னு ஒரு பாரத்துல கையெழுத்து வாங்குவாங்க. போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, வளைவுக்கு வெளிய எவ்வளவு இடம் இருக்கு, மார்ஷல் எத்தனை பேரு, ஆம்புலன்ஸ் எங்க நிக்குதுன்னு கேளுங்க. பதில் வரலன்னா, வண்டியைத் திருப்பிட்டு வந்துடுங்க. அகோஸ்தினியே அதைத்தான் செஞ்சார்.