சோதனைக்கான செயற்கைத் தரவு: ஜோகுபாளையத்தைத் தரவுத்தளத்தில் பதிவது எப்படி?

பெங்களூரு: வங்கி, மருத்துவமனை, மாநகராட்சி வரி வசூல் என எந்தத் துறைக்காக எழுதப்படும் மென்பொருளும் மக்கள் பயன்பாட்டுக்கு வருமுன் ஆயிரக்கணக்கான, சில வேளைகளில் கோடிக்கணக்கான பதிவுகளைக் கொண்டு சோதிக்கப்பட வேண்டியுள்ளது. அந்தப் பதிவுகளில் பெயர், பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண், அடையாள எண் என ஒவ்வொரு பத்திக்கும் நம்பத்தகுந்த மதிப்புகள் தேவை. உண்மையான வாடிக்கையாளர்களின் விவரங்களை நகலெடுத்துச் சோதனைக் கணினியில் ஏற்றிவிடுவது எளிய வழி. ஆனால், சோதனைக் கணினிகளுக்குப் பெரும்பாலும் முதன்மைக் கணினிக்குரிய காவல் இருப்பதில்லை. ஒப்பந்த ஊழியர்கள், வெளிநிறுவனப் பணியாளர்கள் எனப் பலரது கைக்கும் அவை செல்கின்றன.

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெறப்பட்ட விவரத்தை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின் மீது அமைந்தது. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. எனவே, யாருக்கும் உரியதல்லாத, ஆனால் உண்மையைப் போலவே நடந்துகொள்ளும் 'செயற்கைத் தரவு' என்பது நிரலாளர்களின் வசதிக்கான பொருள் என்ற நிலையிலிருந்து சட்டத் தேவை என்ற நிலைக்கு நகர்ந்துள்ளது.

இதில் உள்ள சிக்கல்களை விளக்க, மென்பொருள் நகரமான பெங்களூருவில் ஹலசூரை ஒட்டி அமைந்துள்ள ஜோகுபாளையம் பகுதியே போதுமான எடுத்துக்காட்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இப்பகுதியின் குடியிருப்பாளர்களைப் போன்ற ஆயிரம் கற்பனை மனிதர்களை ஒரு தரவுத்தளத்தில் உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் எனும் முதல் பத்தி

போலித் தரவு உருவாக்கும் கருவிகளில் பரவலாக அறியப்பட்டது 'ஃபேக்கர்' என்னும் திறந்தமூல நிரல் தொகுப்பு. இதன் பைத்தான் மொழிப் பதிப்பில் இந்தியாவுக்கான ஆங்கில, இந்தி, தமிழ் வடிவங்கள் உள்ளன. ஒரு வரி நிரல் எழுதினால் பெயர் ஒன்று வந்து விழும். பட்டியலில் உள்ள முதற்பெயர் ஒன்றையும் இறுதிப்பெயர் ஒன்றையும் குலுக்கி எடுத்து இணைப்பதே அடிப்படை முறை.

இந்தக் கருவிகளின் அடித்தளத்தில் இருப்பது முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற மேற்கத்திய அமைப்பு. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. 'கோ. முருகேசன்' என்பவர் ஓர் ஆவணத்தில் 'முருகேசன் கோ' என்றும், மற்றொன்றில் 'முருகேசன் கோவிந்தன்' என்றும், வேறொன்றில் தலைப்பெழுத்தே இன்றி 'முருகேசன்' என்றும் இடம்பெறுவார். குடும்பப்பெயர் பத்தியைக் கட்டாயமாக்கிய மென்பொருள் ஒன்று, எல்லாப் பதிவிலும் அழகான குடும்பப்பெயர் கொண்ட போலித் தரவால் சோதிக்கப்பட்டால் தடையின்றித் தேர்ச்சி பெற்றுவிடும். உண்மையான முருகேசன் வரும்போதுதான் அது தடுமாறும். சோதனைத் தரவில் வெற்றிடமும், ஓரெழுத்துக் குடும்பப்பெயரும், புள்ளி வைத்த தலைப்பெழுத்தும், வைக்காத தலைப்பெழுத்தும் உரிய விகிதத்தில் கலந்திருக்க வேண்டும் என்று கூறப்படுவதன் காரணம் இதுவே.

6 எழுத்து, 33 பைட்

முகவரிப் பத்தி இதைவிட வளமானது. பெங்களூருவின் முகவரிகள் 'மெயின்', 'கிராஸ்' என்ற எண்ணிட்ட தெருக்களால் ஆனவை. அமெரிக்க முறையில் உருவாக்கப்பட்ட கற்பனைத் தெருப்பெயர்கள் இங்கே பொருந்தா. ஹலசூரு, அல்சூர், உல்சூர் என ஒரே இடம் பல எழுத்துக்கூட்டல்களில் புழங்குகிறது. ஜோகுபாளையமும் கன்னட வழக்கில் ஜோகுபாளையா ஆகிறது. நகரின் பெயரே 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் பெங்களூரு என்று அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டது. பழைய பதிவுகளில் பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. இரண்டையும் ஒரே ஊர் என்று மென்பொருள் அறிகிறதா என்பதைச் சோதிக்க வேண்டுமானால், செயற்கைத் தரவிலும் அந்தக் குழப்பம் இருந்தாக வேண்டும்.

தமிழிலேயே பதிவுசெய்யும்போது மற்றொரு சிக்கல் தலைகாட்டுகிறது. 'ஜோகுபாளையம்' என்பது கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 11 குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் இடம் தேவைப்படுவதால் மொத்தம் 33 பைட். பத்தியின் அளவை இயல்பாகப் பைட்டில் கணக்கிடும் ஆரக்கிள் தரவுத்தளத்தில் 30 என்று அளவு வைத்திருந்தால் இந்த ஊர்ப்பெயர் உள்ளே நுழையாது. குறியீடுகளை எண்ணும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அதே 30 போதும். ஆங்கிலப் போலிப் பெயர்களால் மட்டும் சோதிக்கும் எவரும் இந்தப் பிழையைக் காண வாய்ப்பில்லை.

மேலும், 'ஜோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் ஏகாரக் கொம்பும் பின்னால் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். சீர்படுத்தாமல் தேடினால் பாதிப் பேர் அகப்பட மாட்டார்கள்.

எண்களில் ஒளிந்திருக்கும் மனிதர்கள்

பெயரும் முகவரியும் பிழையானால் மென்பொருள் மட்டுமே பாதிக்கப்படும். அடையாள எண்கள் பிழையானால் முன்பின் அறியாத மனிதர்கள் பாதிக்கப்படக்கூடும் என்பதால் இப்பகுதி கூடுதல் கவனத்துக்குரியது.

ஆதார் எண் 12 இலக்கங்கள் கொண்டது. 0, 1 ஆகியவற்றில் தொடங்குவதில்லை. கடைசி இலக்கம் முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹாஃப் 1969-இல் வெளியிட்ட முறை இதற்குப் பயன்படுகிறது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். எனவே 12 இலக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கி எடுத்தால், பத்தில் ஒன்பது எண்களுக்கு மேல் நுழைவாயிலிலேயே நிராகரிக்கப்படும். மென்பொருளின் உட்பகுதி சோதிக்கப்படவே படாது.

அதனால் நிரலாளர்கள் சரிபார்ப்பு இலக்கத்தை முறைப்படி கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். எண் செல்லுபடியாகும் வடிவத்தைப் பெற்றுவிடும்போதுதான் எதிர்பாராத விளைவு நேர்கிறது. முதல் இலக்கத்துக்கு 8 வாய்ப்புகள், அடுத்த பத்து இலக்கங்களுக்குத் தலா 10 வாய்ப்புகள், கடைசி இலக்கத்துக்கு வாய்ப்பே இல்லை. ஆக, வடிவப்படி செல்லத்தக்க எண்கள் 8,000 கோடி. நாட்டில் இதுவரை 140 கோடிக்கும் அதிகமான ஆதார் எண்கள் வழங்கப்பட்டுள்ளன. இரண்டையும் வகுத்துப் பார்த்தால், குலுக்கி எடுக்கப்படும் ஏறத்தாழ 57 'போலி' எண்களில் ஒன்று உண்மையில் யாருக்கோ வழங்கப்பட்டதாக இருக்கும். ஜோகுபாளையத்தின் ஆயிரம் கற்பனை மனிதர்களுள் சுமார் 17 பேர் வேறொருவரின் எண்ணைச் சுமந்துகொண்டிருப்பார்கள்.

கைப்பேசி எண்ணில் நிலைமை இன்னும் நெருக்கமானது. இந்தியக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்கும் பத்து இலக்க எண்கள்; மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். புழக்கத்தில் உள்ள இணைப்புகளோ 110 கோடிக்கு மேல். அதாவது, கற்பனையாக எழுதப்படும் நான்கு எண்களில் குறைந்தது ஒன்று எவரோ ஒருவரின் சட்டைப்பையில் ஒலிக்கக்கூடிய எண். கடன் தவணை நினைவூட்டல் மென்பொருளைச் சோதிக்கும்போது குறுஞ்செய்தி அனுப்பும் இணைப்பைத் துண்டிக்க மறந்தால், கடனே வாங்காதவருக்குத் தவணை தவறியதாகச் செய்தி போய்ச்சேரும்.

இதற்குத் தீர்வு, எவருக்கும் தரப்படாத எண்களைத் தனியே ஒதுக்கிவைப்பது. ஆதார் ஆணையம் மென்பொருள் உருவாக்குவோருக்காக 9999 எனத் தொடங்கும் சில சோதனை எண்களை வெளியிட்டுள்ளது. அமெரிக்காவில் 555-0100 முதல் 555-0199 வரையிலான தொலைபேசி எண்கள் கற்பனைப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. மின்னஞ்சலுக்கு 'எக்ஸாம்பிள்.காம்' என்ற முகவரி 1999 முதல் உலகளவில் ஒதுக்கப்பட்டது. இதைப் பயன்படுத்தாமல் தம் மனம்போன போக்கில் ஒரு நிறுவனப் பெயரைச் சூட்டி மின்னஞ்சல் முகவரி உருவாக்குவோர் இன்றும் ஏராளம். அந்தப் பெயரை யாரேனும் பதிவுசெய்து வைத்திருந்தால் சோதனை அஞ்சல்கள் அனைத்தும் அவர்களிடம் குவியும்.

பத்தி சரி, வரிசை தவறு

ஒவ்வொரு பத்தியும் தனித்தனியே நம்பத்தகுந்ததாக இருந்தும் முழுப் பதிவு அபத்தமாக அமைவதுண்டு. ஹலசூரு பகுதிக்குரிய 560008 என்ற பின்கோடு இருக்க வேண்டிய இடத்தில் சென்னை மயிலாப்பூரின் 600004 வந்தால் பார்த்தவுடனேயே தெரியும். ஜிஎஸ்டி எண்ணில் அந்த முரண் ஒளிந்துகொள்ளும். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்கள் வணிகரின் பான் எண். அந்தப் பான் எண்ணின் நான்காம் எழுத்து அவர் தனிநபரா, நிறுவனமா என்பதைச் சொல்லும்; ஐந்தாம் எழுத்து, தனிநபரானால், அவரது இறுதிப்பெயரின் முதலெழுத்து. ஆகவே, பெயர், மாநிலம், பான், ஜிஎஸ்டி ஆகிய நான்கு பத்திகளையும் நான்கு தனித்தனிக் குலுக்கல்களால் நிரப்ப முடியாது. முதலில் ஒரு மனிதரைக் கற்பனை செய்து, அவரிடமிருந்து நான்கையும் பெற வேண்டும்.

தேதிகளிலும் இதே தொடர்பு உண்டு. கணக்குத் தொடங்கிய நாள் பிறந்த நாளுக்கு முன்னால் வரக்கூடாது என்பது எவரும் நினைவில் கொள்வது. மனிதர்களின் பிறந்த தேதிகள் நாட்காட்டியில் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதையோ பலர் மறந்துவிடுகிறார்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகளில் கூட்டம் அதிகம். சரியான வயது தெரியாதோர் தோராயமாகச் சொல்வதன் விளைவு அது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆவணங்களில் ஜனவரி 1 என்று எழுதப்படுவதும் வழக்கம். பிறந்த தேதியையும் பெயரையும் கொண்டு இரட்டைப் பதிவுகளைக் களையும் மென்பொருள், ஜனவரி 1-இல் பிறந்த பல முருகேசன்களை ஒரே ஆளாக்கிவிடக்கூடும். சீராகக் குலுக்கப்பட்ட போலித் தேதிகளால் அந்த ஆபத்தை முன்கூட்டியே காண இயலாது.

உண்மையிலிருந்து கற்கும் முறை

இதுவரை கூறப்பட்டது விதிகளை எழுதித் தரவு உருவாக்கும் முறை. உண்மைத் தரவின் புள்ளியியல் தன்மையைக் கணினியே கற்றுக்கொண்டு, அதே தன்மையுள்ள புதிய பதிவுகளை உருவாக்குவது மற்றொரு முறை. அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்டு ரூபின் 1993-இல் கணக்கெடுப்புத் தரவுகளுக்காக இக்கருத்தை முன்வைத்தார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கல்யாண் வீரமாசனேனி குழுவினர் 2016-இல் வெளியிட்ட 'சிந்தெடிக் டேட்டா வால்ட்', பல அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பையும் கற்கும் வகையில் அமைக்கப்பட்டது. ஒருவருக்கு ஒரு கணக்கு, இன்னொருவருக்கு நாற்பது பரிவர்த்தனை என்ற ஏற்றத்தாழ்வையும் இவ்வகைக் கருவிகள் ஓரளவு பிரதிபலிக்கின்றன.

பெயரை நீக்கிவிட்டாலே போதாதா, எதற்கு இத்தனை பாடு என்ற கேள்விக்கு ஏற்கெனவே விடை கிடைத்துள்ளது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல் ஒரு போட்டிக்காகப் பெயர் நீக்கிய திரைப்பட மதிப்பீடுகளை வெளியிட்டது. சென்னை ஐஐடியில் பயின்ற அரவிந்த் நாராயணன், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து, பொது இணையதளத்தில் உள்ள மதிப்பீடுகளோடு அவற்றை ஒப்பிட்டுச் சிலரை அடையாளம் காண முடியும் என்று 2008-இல் காட்டினார். அந்நிறுவனம் திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டி 2010-இல் கைவிடப்பட்டது.

உள்ளூர்க் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு பின்கோடு எல்லைக்குள் 50,000 பேர் வசிப்பதாகவும், அவர்கள் 80 ஆண்டுகளின் பிறந்த தேதிகளில் சமமாகப் பரவியிருப்பதாகவும் வைத்துக்கொண்டால், பிறந்த தேதியும் பாலினமும் சேர்ந்து 58,400 வகைகள் உண்டாகின்றன. பத்தில் நான்கு பேர் தம் வகையில் தனியொருவராக நிற்பார்கள். பெயர் இல்லாவிட்டாலும் அவர் இன்னார் என்று தெருக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

கற்றுக்கொண்டு உருவாக்கும் முறையும் இந்த ஆபத்திலிருந்து முற்றிலும் விடுபட்டதல்ல. ஒரு பகுதியில் நூறு வயதைக் கடந்த பெண் ஒருவரே இருந்து, அவருக்கு அரிதான நோயும் இருந்தால், கணினி அந்த வரியை ஏறத்தாழ மனப்பாடம் செய்து செயற்கைத் தரவிலும் கக்கிவிடக்கூடும். எந்தவொரு தனிநபரின் பதிவும் முடிவைக் கணிசமாக மாற்றாதபடி அளந்து இரைச்சல் சேர்க்கும் 'வேறுபாட்டு அந்தரங்கம்' என்ற முறையை சிந்தியா டுவார்க் உள்ளிட்டோர் 2006-இல் வகுத்தனர். அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பு முடிவுகளுக்கு அது பயன்படுத்தப்பட்டது. இரைச்சல் கூடக்கூட அந்தரங்கம் வலுப்பெறும். அரிய பதிவுகள் மங்கிப்போகும். மென்பொருளின் பிழைகளோ பெரும்பாலும் அந்த அரிய பதிவுகளில்தான் வெளிப்படுகின்றன.

இதனால் நடைமுறையில் இரு முறைகளும் கலந்தே கையாளப்படுகின்றன. விகிதங்கள் கற்ற மாதிரியிலிருந்தும், அடையாள எண்கள் ஒதுக்கப்பட்ட வரிசையிலிருந்தும், விளிம்புநிலை மனிதர்கள் கையால் எழுதிய பட்டியலிலிருந்தும் வருகின்றனர். குலுக்கலுக்கு ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே ஆயிரம் பேர் அதே வரிசையில் தோன்றுவார்கள்; நேற்றுக் கண்ட பிழையை இன்று மீண்டும் காண அது இன்றியமையாதது. பட்டியலைப் புதுப்பிக்கும் வேலையும் உண்டு: பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டதால், ஜோகுபாளையத்தின் கற்பனைக் குடிமக்களுக்கும் 'மாநகராட்சி' என்ற பத்தியில் பழைய பெயரோடு புதிய பெயரும் தேவைப்படுகிறது.